ரப்பர் மரத்துக்குப் போட்டுப் பழகிய கை

"நீங்கள் சொன்ன அளவுதான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கருகிய இலையை உங்கள் மேசைமேல் வைத்தால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். ஆனால் அவர் சொன்னதை நம்பாதீர்கள்.

விவசாய இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். கொஞ்சம் உற்சாகமூட்டும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். அதுதான் எனக்கு வராத வேலை. மலாக்காவில் வேலை பார்த்த காலம் முழுக்க என்னைக் காப்பாற்றியது சந்தேகம். உர மூட்டைமேல் அச்சடித்திருப்பதைச் சந்தேகப்பட்டேன். விற்றவனைச் சந்தேகப்பட்டேன், வாங்கியவனையும் சந்தேகப்பட்டேன். "சாமி நேர்ல வந்து நின்னாலும் ஐசி காட்டுன்னு கேப்பீங்க" என்று என் மனைவி இன்றைக்கும் கிண்டல் செய்வாள். கேட்டால் என்ன தவறு? உண்மையான சாமி என்றால் அடையாள அட்டையை எடுத்துக் காட்டட்டுமே.

உங்களுக்கு இப்போது கருவி இருக்கிறது. உரம் கரைத்த தண்ணீரில் அதை விட்டால் உரம் எவ்வளவு காட்டம் என்று எண் காட்டிவிடுகிறது. நல்ல விஷயம். எங்கள் காலத்தில் அது நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிற வேலை. நீங்கள் அந்த முட்டாள்தனத்தைச் செய்ய வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கருவி தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். ஊற்றியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

சமையலறையில் பார்த்திருப்பீர்கள். ஒரே அடுப்பு, ஒரே உப்புச் சாடி. ஆனால் என் மனைவி வைக்கும் ரசத்துக்கும் என் மைத்துனி வைக்கும் ரசத்துக்கும் உப்பில் வித்தியாசம் தெரியும். "அவளுக்கு உப்புக் கை" என்று சொல்கிறோம் இல்லையா, அதுதான். அளந்து போடுங்கள் என்று நாம் சொல்லலாம். டின்னைக் கொடுக்கலாம், கரண்டியைக் கொடுக்கலாம். கை தன் பழக்கத்துக்குத்தான் போடும். வாரிக் கொட்டுகிற கை இருக்கிறது, கிள்ளிப் போடுகிற கை இருக்கிறது. செடி எந்தக் கையில் வளர்ந்தது என்பதை இலை காட்டிக்கொடுத்துவிடும்.

கிளேபாங்கில் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, இருந்தார். கடலைப் பார்த்த வீடு, வாசல் நிறைய ஆர்க்கிட். இலைகள் நுனியில் கறுத்துக்கொண்டே வந்தன. கடைக்காரன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். உரம் சரியான உரம். அவர் கரைத்துக் காட்டிய அளவும் சரியான அளவு. வேறு யாராவது ஊற்றுகிறார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். அது எனக்குப் போதவில்லை. வீட்டு அம்மாவைத் தனியாகக் கேட்டேன். கணவர் பாவம் மறந்துவிடுகிறார் என்று மாலையில் தானும் ஒருமுறை ஊற்றுவதாகச் சொன்னார். அப்புறம் கார் ஓட்டியைத் தனியாகக் கேட்டேன். முதலாளி கண்ணில் நல்ல பெயர் எடுக்க அவனும் ஒருமுறை ஊற்றிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் சொன்ன அளவுதான் போட்டார்கள். மூன்று பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். செடிதான் செத்துக்கொண்டிருந்தது.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? இப்போது சொல்லப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. எங்கள் அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. அதுவரை துரை கையெழுத்துப் போட்ட இடத்தில் நான் போட வேண்டியிருந்தது. முன்பெல்லாம் துரை ஒரு செடியைப் பார்த்து இன்னதென்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நான் சொன்னால், "அப்படியா, நிச்சயமா?" என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். நம் ஆட்களே இழுப்பார்கள். இவன் சரியாகச் சொல்கிறானா, யாருக்கு வேண்டிச் சொல்கிறான் என்று எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்த காலம் அது. நானும் பார்த்தேன்.

ஒருநாள் காலையில் போலீஸ் சார்ஜன் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்த இலையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். காஜா பெராங்கில் ஒரு வீட்டுக் கொல்லையில் வளர்கிறதாம். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். இது கஞ்சாவா என்று மலாயில் கேட்டார்.

பறித்து நேரமாகிய இலை, பாதி வாடியிருந்தது. புளிச்சக்கீரை இலையும் விரல் விரலாகத்தான் பிரிந்திருக்கும். வாடிவிட்டால் இரண்டையும் அடையாளம் சொல்வது சிரமம். காஜா பெராங்கில் புளிச்சக்கீரை போடுகிற வீடுகள் எத்தனையோ. என் ஒரு வார்த்தையில் கீரை விற்றுப் பிழைக்கிற ஒருவர் உள்ளே போக வேண்டியிருக்கும். "மேசைமேல் வைத்துச் சொல்ல மாட்டேன். நிலத்தில் நிற்கும்போது பார்த்தால்தான் சொல்வேன்" என்றேன். சார்ஜன் இலையை மறுபடியும் பத்திரிகைத் தாளில் சுற்றினார். பிறகு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் இப்படிச் சொல்ல வேண்டுமென்றே காத்திருந்தவர் போல இருந்தது.

அவருடைய ஜீப்பிலேயே போனோம். தலைமுறை தலைமுறையாக மலாய் மட்டுமே பேசுகிற ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்தார் வாடகைக்கு விட்டிருந்த பலகை வீடு அது. வீட்டுக்காரர் நெற்றியில் திருநீற்றோடு வாசலில் நின்றிருந்தார். தமக்கு ஒன்றும் தெரியாது என்று மலாயில் சொல்லிவிட்டு, எங்களோடு உள்ளே வராமல் அங்கேயே நின்றுகொண்டார்.

கொல்லையில் ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா பெயர் லெட்சுமி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற வேலை பார்த்தவர். புருஷன் இறந்துவிட்டான். அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. வேலை போனதும் தம்பியை அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, கீரை போட்டுத் தெருத் தெருவாக விற்றுக்கொண்டிருந்தார். தம்பி மணியம், இருபதைத் தாண்டியவன். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்ததும் அக்காதான். அதே தோட்டத்தில் உரம் போடுகிற ஆட்களோடு வேலை செய்தவன். அடுத்த வாரம் பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குச் சேர இருந்தான். இதையெல்லாம் நான் கேட்காமலேயே லெட்சுமி சொன்னார். கேட்காததைச் சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் ஜாக்கிரதை வந்துவிடும்.

முன்பக்கம் பாத்தி பாத்தியாகக் கீரை. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். புளித்தது, புளிச்சக்கீரைதான். மீன் கழுவிய தண்ணீரை நிறையத் தண்ணீரோடு கலந்து ஊற்றி வளர்த்த கீரை. மண்ணில் அந்த வாடை லேசாக இருந்தது. இலை கொஞ்சம் வெளுத்து, ஒல்லியாக, ஆனால் ஒரு நுனிகூடக் கருகாமல் இருந்தது. கிள்ளிப் போடுகிற கை. எதையும் வீணாக்காத கை. ஒரு செடி பசித்திருந்தாலும் சரி, கூடிப்போய்க் கெட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிற கை.

கீரைப் பாத்திகளைத் தாண்டி, கிணற்றுச் சுவருக்கும் வாழைக் கூட்டத்துக்கும் நடுவே ஒதுக்கமாக நாலைந்து செடிகள் நின்றன. அவை கீரை இல்லை. வாடாமல் நிற்கிற கஞ்சாவைக் கண்டுபிடிக்க என் படிப்பு தேவையே இல்லை, எந்தப் போலீஸ்காரரும் கண்டுபிடித்துவிடுவார். அப்படியென்றால் இந்தச் சார்ஜன் என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தார்? அந்தக் கேள்வி அப்போதே என் மனத்தில் விழுந்துவிட்டது.

"கஞ்சாதான்" என்றேன்.

சார்ஜன் தலையாட்டிவிட்டு, யார் வைத்தது என்று இருவரையும் பார்த்துக் கேட்டார். மணியம் வாயைத் திறக்கவில்லை. லெட்சுமி ஒரு அடி முன்னால் வந்தார். தான்தான் வைத்ததாகத் தட்டுத்தடுமாறிய மலாயில் சார்ஜனிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நாந்தான் சார் வெச்சேன். வெத போட்டது, தண்ணி ஊத்துனது, பாஜா போட்டது எல்லாம் நாந்தான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. இவன் இந்தப் பக்கமே வரமாட்டான்."

பாஜா என்றால் உரம். அந்த வார்த்தையை அவர் சொன்னதும் என் கண் மறுபடியும் செடிக்குப் போனது. நான் குனிந்து அடி இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். நுனிகள் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோலக் கருகி, கீழ்நோக்கி மடங்கியிருந்தன. கடை உரத்தை வாரிப் போட்டால் வருகிற கருகல். மீன் தண்ணீரில் இப்படி வராது. இது கைப்பிடி கணக்கில் போட்டுப் பழகியவன் செய்த காரியம். ஒரு ரப்பர் மரத்தின் அடியில் வீசுகிற அளவை, முழங்கால் உயரச் செடிக்கு வைத்திருக்கிறான். தோட்டத்தில் உரம் போட்டவர்கள் வீட்டுச் செடிக்கு உரம் வைக்கும்போது முதல் தடவை இதைச் செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கை அப்படிப் பழகிவிட்டது.

ஆனால் மேல் இலைகள் சுத்தமாக இருந்தன. நல்ல பச்சை, ஒரு கருகல் இல்லை. அடியில் மண்ணைப் பார்த்தேன். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டிருந்தார்கள். தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவிய தடமும் இருந்தது. அதாவது, உரம் போட்டவன் முதலில் தெரியாமல் செடியைக் கொல்லப் பார்த்திருக்கிறான். இலை கருகியதைக் கண்டு பதறியிருக்கிறான். கழுவிக் காப்பாற்றி, அதற்குப் பிறகு அளவைக் குறைத்துக் குறைத்து, சரியான அளவைக் கண்டுபிடித்திருக்கிறான். மேலே இருந்த ஒவ்வொரு இலையும் அதைச் சொன்னது. சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு ஒரு நிமிடம் அவன்மேல் மரியாதையே வந்தது. நம் ஆட்களில் பலருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒரே கொல்லை. இரண்டு கை. இரண்டுமே அந்த அக்காவின் கையாக இருக்க முடியாது.

இதை நான் அப்படியே சார்ஜனிடம் சொல்லவில்லை. இங்கே கவனியுங்கள். நிச்சயமாகத் தெரிந்தால்கூட முதலில் பாதியைச் சொல்லுங்கள், மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். "இதற்கு உரம் ரொம்ப அதிகமாகப் போட்டிருக்கிறார்கள், இலை கருகியிருக்கிறது" என்று மட்டும் மலாயில் சத்தமாகச் சொன்னேன். பிறகு குறைத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. லெட்சுமி காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மணியம் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து அவன் போலீஸையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை, செடியைத்தான் பார்த்தான்.

சார்ஜன் வாழை மரத்தின் பக்கம் போய் நின்று ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். லெட்சுமி ஓடிவந்து தண்ணீர் இறைத்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, உதடு அசையாமல் பேசினார்.

"சார், நீங்க நம்மாளு. என்ன செடின்னுதானே ஒங்களக் கேட்டாங்க? சொல்லிட்டீங்க. அதோட போயிருங்க சார்."

நான் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நான் உள்ள போனா என்னா, கீர வாடும், அவ்ளோதான். அவன் போனா அவனுக்கு வேல இல்ல, பொண்ணு குடுக்க மாட்டாங்க, ஒண்ணுமில்ல. அவனுக்குப் புத்தி இல்ல சார். ஆனா கெட்டவன் இல்ல. யாரோ காசு தரேன்னானுங்க."

அவர் குரல் அந்த இடத்தில் உடைந்தது. எனக்கு மனம் கலங்கியது என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அதே நேரத்தில், எழுதிக்கொண்டிருந்த சார்ஜனின் பேனா நின்றுவிட்டதையும் பார்த்தேன். எங்கள் பக்கம் திரும்பவில்லை. பேனா மட்டும் நின்றது. அப்புறம் மறுபடியும் நகர்ந்தது. யோசித்து எழுதுகிறவருக்கும் பேனா நிற்கும். மற்றவர் பேச்சைக் கேட்கிறவருக்கும் நிற்கும்.

எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பெண் தானே வளர்த்ததாகச் சொல்கிறாள். உங்களுக்கு உரம், செடி எல்லாம் தெரியும். இவள் சொல்வது சரியாக இருக்குமா?" என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் செடியைக் காட்ட என்னைக் கூட்டி வரவில்லை. இதைக் கேட்கத்தான் கூட்டி வந்திருக்கிறார்.

உங்களுக்கும் இப்படி ஒருநாள் வரும். செடியைப் பற்றிக் கேட்பதுபோல மனிதரைப் பற்றிக் கேட்பார்கள். இலையைப் பார்த்து "இவள் இல்லை" என்று நான் சொல்லியிருக்கலாம். அது என் சந்தேகம். சந்தேகம் நமக்குள் இருக்கிறவரை நல்ல வேலைக்காரன். வெளியே விட்டால் மற்றவர் தலையில் போய் உட்கார்ந்துவிடும். சோதித்துப் பார்க்காமல் அதை வெளியே விடக்கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த அக்கா சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்று எனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. நமக்குப் பிடித்த பதில் என்றால் அதை இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும்.

"கலந்து காட்டச் சொல்லுங்கள்" என்றேன். "எப்படி ஊற்றி வளர்த்தாளோ, அப்படியே."

சார்ஜன் சரி என்றார். உரம் எங்கே என்று கேட்டதும் லெட்சுமி ஒரு கணம் திகைத்தார். பிறகு கிணற்றுச் சுவர் ஓரத்தில் சாக்குக்கு அடியில் கையை விட்டுத் தேடினார். முதல் இடத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. அதற்குள் வெள்ளை உரமும் ஒரு சின்னக் கரண்டியும் இருந்தன. கரண்டியைப் பாருங்கள். கைப்பிடிக் கணக்கில் ஆரம்பித்தவன் கரண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறான். லெட்சுமி அந்தக் கரண்டியை எடுத்துப் பார்த்தார். இது எதற்கு உள்ளே கிடக்கிறது என்பதுபோல ஓரமாகப் போட்டுவிட்டார்.

நான் எதிர்பார்த்தது ஒன்று. அவருடைய கை தன் பழக்கத்துக்குக் கொஞ்சமாகக் கிள்ளிப் போடும், அதை வைத்து இவர் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த அக்காவை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். உரம் ரொம்ப அதிகம் என்று நான் சொன்னதைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். கருகல் வர வேண்டுமென்றால் நிறையப் போட வேண்டும், அவ்வளவுதானே. வாளியில் பாதி தண்ணீர் இறைத்தார். டின்னுக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கைப்பிடி போட்டார். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. டின்னை அப்படியே வாளியில் கவிழ்த்தார்.

"இப்டித்தான் சார். எப்பவும் இப்டித்தான் ஊத்துவேன்."

கையாலேயே கலக்கினார். கை எரிந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய், இருப்பதிலேயே செழிப்பான செடியின் மேல் சாய்த்தார்.

"யக்கா! ஊத்தாத, செத்துரும்!"

மணியம் கத்தினான். கத்தியது மட்டுமில்லை, பாய்ந்து வந்து வாளியைப் பிடித்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேரோடு பிடுங்கிக்கொண்டு போகப்போகிற செடி அது. அவனுக்கும் அது தெரியும். அக்கா தனக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக நின்றபோது திறக்காத வாய், செடிக்காகத் திறந்துவிட்டது. நீங்கள் அவனைத் திட்டுவதற்கு முன்னால், நீங்களே கருக்கி நீங்களே பிழைக்க வைத்த ஒரு செடியை நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் வாய் நம்மைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

அக்காவும் தம்பியும் ஒரே வாளியைப் பிடித்தபடி நின்றார்கள். சார்ஜன் என் பக்கம் திரும்பினார்.

"டியா சாக்காப் அபா?" என்றார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டார்.

லெட்சுமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் கெஞ்சக்கூட இல்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கிணற்றடியில் பாசி பிடித்திருந்தது. "வழுக்கும், பார்த்துப் போ என்று அக்காவிடம் சொல்கிறான்" என்று ஒரு பொய் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அழகான பொய். யாரும் குறை சொல்ல முடியாத பொய். அந்தக் கொல்லையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டால் விஷயம் முடிந்தது.

அந்த 'மூன்று பேர்தான்' என்பதைத்தான் நான் சந்தேகப்பட்டேன். பேனா நின்றதை நினைத்தேன். எனக்கு மலாய் தெரிவதைக் கண்டு ஆச்சரியப்படாத சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது என்று நானாக ஏன் முடிவு செய்தேன்? அவர் தமிழில் பேசவில்லை, அவ்வளவுதான். பேசாததும் தெரியாததும் ஒன்றா? நான் பொய் சொல்லி அவர் அதைப் பிடித்தால் மணியத்தோடு லெட்சுமியும் உள்ளே போவார். துரை நாற்காலியில் கையெழுத்துப் போட ஆரம்பித்த நம் ஆள் முதல் வேலையிலேயே பொய் சொன்னான் என்று ஆகும். அதற்குப் பிறகு நான் எந்தக் கீரைக்காரருக்காக எந்தச் செடியைக் கீரை என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் சொன்னது உண்மைக்காகவா பயத்துக்காகவா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். இரண்டும் அன்றைக்கு ஒரே வார்த்தையில் இருந்தன. பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. உங்களுக்கும் இருக்காது. நேரம் இருக்கும்போதே, இன்றைக்கே, இப்போதே, உங்கள் வாய் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் நான் உங்களுக்குத் தரக்கூடியது அந்த ஒன்றுதான்.

"அவ்வளவு ஊற்றினால் செடி செத்துவிடும் என்று சொன்னான்" என்றேன் மலாயில்.

சார்ஜன் தலையாட்டினார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆமா சார். எனக்கும் அப்டித்தான் கேட்டுச்சு" என்றார். நல்ல தமிழ். தோட்டத்துத் தமிழ். எந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தாரோ தெரியாது. லெட்சுமி கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். கிணற்றடியில் என்னிடம் சொன்னது ஒவ்வொன்றும் அவருக்கு நினைவு வந்திருக்கும்.

சார்ஜன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தம்பி, உள்ள போயி சட்டையப் போட்டுக்கிட்டு வா" என்றார் மணியத்திடம். பிறகு லெட்சுமியிடம், "வாளியக் கீழ வெய்யிங்கம்மா. ஒங்கமேல ஒண்ணும் இல்ல. கையக் கழுவுங்க, எரியும்" என்றார்.

லெட்சுமி வாளியை வைக்கவும் இல்லை, கையைக் கழுவவும் இல்லை. மணியம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அப்போதுதான் லெட்சுமி வாளியை வைத்துவிட்டு அவன் எதிரில் போய் நின்றார். பஸ் வேலைக்குப் போகிற பிள்ளையை அனுப்புவதுபோல, பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார். வெள்ளை உரம் ஒட்டிய விரல்களின் தடம் அவன் சட்டையில் பதிந்தது. திட்டவும் இல்லை, அழவும் இல்லை.

"ஏன்டா வாயத் தொறந்த?" என்று கேட்டார். "செடிதானடா செத்துருக்கும்."